பரஸ்தானம் போன கயிறு

என் அம்மா சூடாமணிக்குத் தெரிந்த சுண்ணாம்பு இரண்டு. ஒன்று வெற்றிலையில் தடவுவது, இன்னொன்று சுவரில் அடிப்பது. ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு சுண்ணாம்புப் பாறையில் ஏறப் போகிறேன் என்று நான் சொன்னதும், கிளறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, "சுண்ணாம்புன்னா உதிருமேடி?" என்றாள்.

"சுண்ணாம்புக் கல்லும்மா. கெட்டியா இருக்கும்."

"கெட்டியா இருந்தா வெறும் கல்லுன்னு சொல்லிட்டுப் போயேன்."

கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த என் தோழி ஜெயப்ரியா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "நாங்க வெத்தலையும் பாக்கும் எடுத்துக்கினு போனா போதும் மாமி. சுண்ணாம்பு அங்கயே இருக்குது," என்றாள். அம்மா சிரித்துவிட்டாள். நான் ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்த விளக்கமெல்லாம் வீணாகப் போயிற்று.

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். லக்ஷணா என்று லட்சணமாகப் பெயர் வைத்தும் வாயைத் திறந்தால் இப்படி இருக்கிறதே என்று சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவே அங்கலாய்க்கும். ஜெயப்ரியாவுக்கு அந்த வியாதி கிடையாது. அவள் பேசினால் கல்லும் சிரிக்கும். அதனால்தான் அம்மாவிடம் பேச அவளையும் கூட்டி வந்திருந்தேன்.

அது 2003. அதற்கு முன்பு பெங்களூரில் மேல்படிப்பு படித்தபோது படிப்போடு பாறை ஏறவும் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பி ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்கு எடுக்கச் சேர்ந்தேன். கையோடு ஒரு நீலக் கயிறு கொண்டு வந்திருந்தேன். தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய அறுபது மீட்டர் கயிறு. நம் ஊர்க் கடைகளில் அது கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மாதக்கணக்கில் ஆகும்.

இந்த ஏற்றத்துக்குக் கயிறுதான் உயிர். பாறையில் ஆங்காங்கே துளை போட்டு இரும்பு வளையங்களை அடித்து வைத்திருப்பார்கள். ஏறுகிறவள் கயிற்றின் ஒரு முனையை இடுப்புப் பட்டையில் கட்டிக்கொண்டு, கையாலும் காலாலும் ஏறிப் போவாள். வளையம் வந்ததும் கயிற்றை அதில் மாட்டுவாள். கீழே நிற்கிறவள் கயிற்றை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்து, மேலே இருப்பவள் கை நழுவினால் இறுக்கிப் பிடிப்பாள். கயிறு யாரையும் மேலே தூக்குவதில்லை. விழுந்தால் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை. அம்மாவிடம் நான் இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. கயிறு இருக்கிறது, பயமில்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன். கயிறுதான் என்னை மேலே இழுக்கிறது என்று அவளாக நினைத்துக்கொண்டாள். நானும் திருத்தப் போகவில்லை.

கயிறு இருந்தது, பிடிக்கத்தான் ஆள் இல்லை. அப்போது ஒரு நாள் கல்லூரி விடுதியின் கூரை விளிம்பில் வாலிபால் பந்து சிக்கிக்கொண்டது. ஏணி கொண்டுவர ஆள் போயிருந்தது. ஏணி வருவதற்குள் புதிதாகச் சேர்ந்த விளையாட்டு ஆசிரியை ஒருத்தி, மழைத்தண்ணீர்க் குழாயைப் பிடித்துச் சுவரில் கால் வைத்து ஏறி, பந்தைத் தட்டிவிட்டுப் பூனை மாதிரி இறங்கினாள். முசரவாக்கத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்துப் பெண் ஜெயப்ரியா. அன்று சாயங்காலமே அவளிடம் போய், "என்னோட கல்குவாரிக்கு வருவீங்களா?" என்று கேட்டேன். புதுசாகப் பார்த்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது என்று பிற்பாடு பல நாள் சொல்லிச் சிரித்தாள். ஆனால் வந்தாள். ஐயம்பேட்டைக்கு அப்பால் கைவிட்டுக் கிடந்த குவாரி ஒன்றில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கழிந்தன.

அந்த மார்கழியில் அவளுக்குப் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு உத்தரவு வந்தது. தை முடிந்ததும் பயிற்சிக்குப் போக வேண்டும். ஒரு வருஷம் பயிற்சி. அப்புறம் எந்த ஊரோ, எந்த ஸ்டேஷனோ. முசரவாக்கமே லட்டு சாப்பிட்டது. நானும் ஒன்று வாங்கினேன், பாதியைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்குத் தோழிகளுக்குக் குறைவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விழலாம் என்று நம்பின ஆள் அவள் ஒருத்திதான். அவள் போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, பாழும் குவாரியில் இல்லாமல், நிஜமான பாறை ஒன்றில் இரண்டு பேரும் ஏறிவிட வேண்டும். அந்தத் தை மாதத்தை விட்டால் அது நடக்கவே நடக்காது என்று எனக்குத் தெரியும்.

பாறைக்கு வழி சொன்னவள் பெங்களூர்த் தோழி ப்ரியங்கா. ஜெய்சல்மேரைத் தாண்டி, கடைசி டீக்கடையையும் தாண்டி, ஜீப்பில் மணலுக்குள் போனால் மஞ்சள் நிறத்தில் ஒரு பாறைச்சுவர் நிற்கிறதாம். முந்தைய குளிர்காலத்தில் அவள் அங்கே கூடாரம் போட்டுத் தங்கி வளையங்கள் அடித்துவிட்டு வந்திருந்தாள். அந்தப் பாறையின் படத்தைக் கையால் வரைந்து மின்னஞ்சலில் அனுப்பினாள். காந்தி ரோட்டுப் பக்கத்து பிரௌசிங் சென்டரில் அதை அச்செடுத்துக் கொடுத்த பையன், மேலிருந்து கீழாகப் போகும் கோடுகளையும் அவற்றில் வரிசையாக இருந்த புள்ளிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பார்டர் நல்லா இருக்குது மேடம். முந்தானி எங்க?" என்று கேட்டான்.

புள்ளியெல்லாம் வளையங்கள், கோடெல்லாம் ஏறும் வழிகள் என்று அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமை இல்லை. ஜெயப்ரியா நடுவிலிருந்த கோட்டின் மேல் விரலை வைத்தாள். இருப்பதிலேயே உயரமான வழி, இருபத்தைந்து மீட்டர். "இது என்னுது. நீ வேற ஏதானா எடுத்துக்க," என்றாள். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவள், அப்புறம் என்னிடம் தரவே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூடம் கல்யாண வீடு மாதிரி ஆனது. பாறைப் பக்கம் சொட்டுத் தண்ணீர் கிடையாது, கடைசி கிராமத்திலிருந்து கேன் கேனாகக் கொண்டுபோக வேண்டும் என்று ப்ரியங்கா போனில் சொன்னாள். "ஒரு ஒட்டகம் பேசிக்கலாம்பா," என்றாள் ஜெயப்ரியா. பகலில் வெயில், ராத்திரியில் பல் கிட்டும் குளிர் என்று ப்ரியங்கா சொன்னதும், அப்பா தன் பத்ரி யாத்திரைக் குரங்குக் குல்லாய்கள் இரண்டைப் பரணிலிருந்து எடுத்துப் போட்டார். அம்மா சமையலை எடுத்துக்கொண்டாள். மிளகும் சீரகமும் சுக்கும் தட்டிப் போட்ட கோயில் இட்லி கெடாது, ரயிலுக்கும் ஆச்சு, பாலைவனத்துக்கும் ஆச்சு என்றாள்.

"தண்ணி இல்லாத ஊர்ல இட்லி துன்னா விக்கும் மாமி."

"எண்ணெய்ல பொடியக் கொழைச்சுத் தடவித் தரேன். வழுக்கிண்டு போகும்."

இப்படி எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பெங்களூர், அங்கே ப்ரியங்காவோடு சேர்ந்து மறுநாள் ரயில். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் மேற்கே. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம்.

"வாயில துளி வெல்லத்தைப் போட்டுண்டு கிளம்பினா சரியாப் போச்சு. அதுதானே பரிகாரம்?" என்றார் அப்பா.

"வெல்லமெல்லாம் கல்யாணத்துக்குப் போறவாளுக்கு. கயித்துல தொங்கப் போறவளுக்கு வெல்லம் போறாது," என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தீர்ப்பும் சொன்னாள். "பரஸ்தானம் வெச்சுடலாம்."

பரஸ்தானம் என்றால் இதுதான்: புறப்படும் நாள் சரியில்லை, மாற்றவும் முடியாது என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் நம் சாமான் ஒன்றைப் போகிற திசையில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அன்றைக்கே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. சூலம் ஏமாந்துபோகும். ஒரே நிபந்தனை, வைத்த சாமான் மறுபடி வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. போகும் வழியில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"உன் சாமான்லயே முக்கியமானது எதுடி?" என்று அம்மா கேட்டபோது நான் கதவு நிலையின் மேல்விளிம்பை விரல் நுனியால் பற்றித் தொங்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். மூச்சு வாங்க, "கயிறு," என்று சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து வந்தபோது கயிற்றுப் பை இல்லை. நல்ல ஹோரை பார்த்து அம்மாவே அதைத் தூக்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவும் பஸ்ஸுமாகத் தன் தம்பி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். ஆராவமுதன் மாமாவின் ஊர் திருப்புட்குழிக்கும் அப்பால், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன கிராமம். அங்கே ஒரு பெருமாள் கோயில், ஒரு குளம். கோயிலில் பூஜை செய்வதும் உற்சவம் நடத்துவதும் மாமாதான்.

"மாமா பீரோக்குள்ள வெச்சுப் பூட்டிட்டான். உன்னைவிடப் பத்திரமாப் பாத்துப்பான்," என்றாள். நான் கத்தினேன். ஒரு சட்டைத் துணியை வைக்கக் கூடாதா, ஒரு செருப்பை வைக்கக் கூடாதா என்று கத்தினேன். செருப்பையா என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு யோசித்துப் பார்த்ததில் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்று தோன்றியது. எங்கள் பஸ் எப்படியும் அந்த வழியாகத்தான் போகும். கயிறு பூட்டின பீரோவில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அந்தக் கிராமத்தில் தெப்போற்சவம். வருஷா வருஷம் மாமா கூப்பிடுவார். அந்த வருஷம் நானும் ஜெயப்ரியாவும் போனோம். தெப்பம் பார்த்த மாதிரியும் ஆச்சு, கயிற்றை ஒரு தடவை பார்த்துக்கொண்ட மாதிரியும் ஆச்சு என்று நினைத்தோம். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் குளக்கரையில் இறங்கினோம். பீப்பாய்களின் மேல் பலகை அடித்துக் கட்டின தெப்பம், சீரியல் விளக்கு, நாகஸ்வரம், ஊர் ஜனம் முழுக்கக் கரையில். தெப்பத்தில் உபய நாச்சிமாரோடு பெருமாள். பக்கத்தில் குடை பிடித்தபடி மாமா. கரையில் இளவட்டங்கள் பத்துப் பேர் தெப்பத்தை இழுக்கத் தயாராக நின்றார்கள்.

அவர்கள் கையில் இருந்தது நீலக் கயிறு.

"லட்சு," என்றாள் ஜெயப்ரியா மெதுவாக. "அது நம்மளுது."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். தெப்பத்துக்கான பழைய தேங்காய்நார்க் கயிற்றை எலி கடித்துப் போட்டிருந்தது. காலையில்தான் மாமா அதைப் பார்த்திருக்கிறார். மலை ஏறுகிற கயிறு ஒன்று வீட்டிலேயே இருக்க, எதற்கு அலைய வேண்டும்? தவிர, குழந்தை தூர தேசம் போகிறாள், அவள் கயிறு பெருமாளுக்கு ஒரு கைங்கரியம் செய்துவிட்டுப் போகட்டும், அவளுக்கும் நல்லது. இவ்வளவையும் அவர் எனக்குச் சொன்னது பிற்பாடு.

"கோவிந்தா!" என்று கூட்டம் குரல் கொடுத்தது. பத்துப் பேரும் இழுத்தார்கள். தெப்பம் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார்கள். அவர்கள் பின்னோக்கி நடந்துபோனார்கள், கயிறு நீண்டுகொண்டே போனது, தெப்பம் வைத்த இடத்தில் இருந்தது. எங்கள் கயிறு அப்படித்தான். இழுத்தால் ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அது அந்த ஊருக்குத் தெரியாது. "இன்னாடா இது, சவ்வு முட்டாய் மாதிரி வருது," என்று ஒருவன் திகைத்து நிற்கும்போதே தெப்பம் தூக்கத்திலிருந்து விழித்ததுபோல் விருட்டென்று கிளம்பிற்று. குடை ஒரு பக்கம் சாய்ந்தது. நாகஸ்வரக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டுக் கம்பத்தைக் கட்டிக்கொண்டார். மாமா ஒரு கையால் குடையையும் ஒரு கையால் பெருமாளையும் பிடித்துக்கொண்டு, "மெதுவா! மெதுவாடா!" என்று அலறினார். பெருமாளுக்கு அவ்வளவு வேகமான உற்சவம் அதற்கு முன்பு நடந்திருக்காது. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

என் கண் கயிற்றிலேயே இருந்தது. தெப்பம் போகப் போகக் கயிறு குளத்துப் படிக்கட்டின் கருங்கல் விளிம்பில் உரசியது. அடுத்த மூலையில் திரும்பும்போது இன்னும் மோசமாக உரசும். கயிற்றின் மேலுறை கூரான கல்லில் அறுந்தால் தீர்ந்தது. நிறுத்தச் சொல்லவும் வழியில்லை. மூன்று சுற்று ஆரம்பித்துவிட்டால் முடித்தே ஆக வேண்டும், பெருமாளை நடுக்குளத்தில் விட்டுவிட்டு என் கயிற்றைக் கொடுங்கள் என்று கேட்க முடியுமா?

ஜெயப்ரியா அதற்குள் தேங்காய்க் கடைக்காரனின் கோணிப்பைகளை உதறி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை என்மேல் வீசினாள். "அந்த மூலைக்கு ஓடு! கல்லு மேல போட்டுப் புடி!" இழுப்பவர்களைப் பார்த்து, "எண்ணே, வெடுக்குனு இழுக்காதீங்க! ஒரே மாதிரி நடங்க! நான் சொல்றேன், ஒண்ணு... ரெண்டு..." என்று போட்ட சத்தத்தில் இளவட்டங்கள் மட்டுமில்லை, ஊர்ப் பெரியவர்களும் வரிசையாக நின்றுவிட்டார்கள். பயிற்சிக்குப் போகாமலே இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டாள் என்று எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. நான் ஒரு மூலை, அவள் அடுத்த மூலை. கயிறு கடந்ததும் கோணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மூலைக்கு ஓட்டம். இப்படியே மூன்று சுற்றும் நாங்கள்தான் ஓடினோம். தெப்பம் கரை சேர்ந்தபோது மாமா எங்களுக்கு மாலை போட்டு மரியாதை செய்தார். எனக்கு அவரை அந்தக் குளத்திலேயே தள்ளிவிடலாம் போல இருந்தது.

மறுநாள் காலை மாமா வீட்டுக் கிணற்றடியில் கயிற்றை அலசி, மாமரத்து நிழலில் நீளமாகப் போட்டுக் காயவைத்தோம். பிறகு ஆளுக்கு ஒரு முனையிலிருந்து அங்குலம் அங்குலமாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தோம். உறையில் கிழிசல் இருக்கிறதா, உள்ளே எங்காவது அமுங்குகிறதா என்று விரல்தான் சொல்லும். நடுவில் எங்காவது பழுது என்றால் பயணம் இல்லை. இன்னொரு கயிறு வருவதற்குள் அவள் காக்கி போட்டுக்கொண்டு எங்கேயோ நின்றிருப்பாள். நான் பாதி தூரம் வந்துவிட்டேன், ஒன்றும் இல்லை. அவளும் பக்கத்தில் வந்துவிட்டாள். "என் பக்கம் ஆரம்பத்துலயே ஒரு எடம் இருக்குது," என்றாள். "தெப்பத்து வளையத்துல கட்டியிருந்த எடம். உறை பிஞ்சி உள்ள வெள்ளையா தெரியுது. மத்தபடி சுத்தமா இருக்குது."

முனையிலிருந்து நான்கு முழம் வெட்டிப் போட்டால் போதும். இருபத்தைந்து மீட்டர் ஏறி இறங்க ஐம்பது வேண்டும். மிச்சம் தாராளமாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. கிணற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன்.

அரிவாள்மணையில் முனையை வெட்டி, நுனி பிரியாமல் விளக்கில் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா தூக்குப்பாத்திரத்தில் கோயில் இட்லியோடு வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் வரும்போதே ஊர்க்காரர்கள் தெப்பம் பறந்த கதையைச் சொல்லியிருந்தார்கள். வந்தவள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இது ஏன் இப்படி நீள்றது? நீள்ற கயிறு உன்னை எப்படி மேலே இழுக்கும்?"

"கயிறு இழுக்காது மாமி," என்றாள் ஜெயப்ரியா. நான் கண்ணைக் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை. "ஏர்றது நாங்கதான். கயிறு நாம வுழும்போது புடிக்கத்தான். நீளலன்னா வுழுந்த வேகத்துல இடுப்பு ஒடிஞ்சிடும். அதுக்குத்தான் நீள்றது."

அம்மா என்னைப் பார்த்தாள். "விழுவியா?"

"விழுவேன்மா."

"எப்பவாவதா?"

"நெறைய தடவை. கஷ்டமான எடத்துல விழுந்து விழுந்துதான் ஏற முடியும்."

அம்மா கயிற்றைக் கீழே வைத்தாள். பிறகு, "இது பெருமாளுக்கு ஆன கயிறு. அவருக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கப்படாது. இங்கேயே இருக்கட்டும். நீ ஆத்துக்கு வா," என்றாள்.

"அக்கா, அவருக்குச் சாத்தின மாலை நமக்குப் பிரசாதமா வரலையா? இதுவும் அப்படித்தான்," என்றார் மாமா. செய்த காரியத்துக்குப் பரிகாரம் தேடும் முகம் அவருக்கு.

"நீ பேசாதேடா."

பெருமாள் ஒரு சாக்கு என்று எனக்குத் தெரிந்தது. அவள் பயந்துபோயிருந்தாள். என்ன சொல்லலாம் என்று தேடினேன், வாய்க்கு வந்ததெல்லாம் கோபமாகவே வந்தது. நல்ல வேளை, அம்மாவே ஜெயப்ரியாவின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை விழுந்திருக்கா?"

"கணக்கே இல்ல மாமி."

"யாரு பிடிச்சா?"

"நான்தான்."

"ஒரு தடவைகூட நழுவலியா?"

ஜெயப்ரியா வலது கையை நீட்டி விரித்தாள். உள்ளங்கையின் குறுக்கே பழைய தழும்பு ஒன்று கோடாகப் போயிருந்தது. "மொதல் தடவ எனக்குப் புடிக்கத் தெரியல. கயிறு கையில உருவிக்கினு போச்சு. தோலு பிஞ்சி எரிஞ்சிது மாமி. ஆனா உடல."

"அப்படி எரியறப்போ விட்டிருக்க மாட்டாளோ ஒருத்தி?"

"எப்படி மாமி உடுவேன்? அந்த முனையில இவ இருக்கா இல்ல."

அம்மா அந்தக் கையைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். தழும்பின் மேல் கட்டைவிரலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாள். சற்று முன்பு நாங்கள் கயிற்றைத் தடவிப் பார்த்த மாதிரியே இருந்தது. அப்புறம் கையை விட்டுவிட்டுத் தூக்குப்பாத்திரத்தைத் திறந்து, முதல் துண்டு இட்லியை அவளுக்குக் கொடுத்தாள்.

"வியாழக்கிழமை நல்ல நேரத்துல வெச்சது. அதை மாத்தப்படாது," என்றாள். "நாளைக்குக் கிளம்புங்கோ."

மாமா பெரிதாக மூச்சு விட்டார். நான் அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனேன், "ஈரக் கை, ஈரக் கை," என்று தள்ளிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மற்ற மூட்டைகளோடு வந்து, மாமா வீட்டில் கயிற்றை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நின்றோம். அம்மாவும் மாமாவும் வந்திருந்தார்கள். கயிற்றுப் பை என் தோளில் இருந்தது. அம்மா எனக்கும் ஜெயப்ரியாவுக்கும் வாயில் வெல்லம் போட்டாள். வெல்லம் போறாது என்றவளாயிற்றே என்று கேட்டேன். "இருந்துட்டுப் போறது, கேடென்ன?" என்றாள். அப்போதுதான் அவள் கைப்பையிலிருந்து நீலமாக ஏதோ எட்டிப் பார்ப்பதைக் கவனித்தேன். நாங்கள் வெட்டிப் போட்ட நான்கு முழம். சுருட்டி, நூலால் கட்டி வைத்திருந்தாள்.

"அதை எதுக்கும்மா எடுத்துண்டு போறே? பரஸ்தானம் வெச்சது திரும்பி ஆத்துக்கு வரக் கூடாதுன்னியே?"

"போற கயிறுதான் வரப்படாது. இது போகலையே."

"ஒண்ணுக்கும் உதவாதும்மா அது. உறை பிஞ்சது."

"போறதுக்கு ஒரு சாமானை முன்னாடியே அனுப்பினோமோல்லியோ? வரதுக்கு ஒண்ணை ஆத்துல வெச்சுக்கறேன். இந்த முனை என்கிட்ட இருந்தா, அந்த முனை திரும்பி வந்துதானே ஆகணும்."

எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது இது என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து எட்டிப் பார்த்தபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜெயப்ரியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி இறுக்கிக் காட்டினாள். ஜெயப்ரியாவும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அதே மாதிரி மடக்கிக் காட்டினாள்.

"போயிட்டு வாங்கோ ரெண்டு பேரும்!" என்று அம்மா கத்தினது பஸ் இரைச்சலிலும் எங்களுக்குக் கேட்டது.